பராமரிப்பு இல்லத்தில் காகிதப் பதிவேட்டை விட்டு டேப்லெட்டுக்கு மாறும்போது எங்கே பிசகுகிறது?

பெரும்பாலும் மருந்துப் பதிவில்தான். மாத்திரை கொடுத்த கையோடு, கட்டிலருகிலேயே பதிய வேண்டும். ஷிப்ட் முடிவில் மொத்தமாகப் பதிந்தால், இடையில் வரும் பணியாளர் ‘இன்னும் கொடுக்கவில்லை’ என்று நினைத்து இரண்டாம் முறை கொடுத்துவிடுவார். உயிருக்கே ஆபத்தான பிழை இது.

அதனால் முதலில் ஒவ்வொரு அறையிலும் வைஃபை சிக்னலைச் சோதியுங்கள். இணைப்பு அறுந்தாலும் பதிவைத் தேக்கிவைக்கும் செயலிகள் உண்டு. ஆனால் இணைப்பு திரும்பும்வரை அந்தப் பதிவு மற்றவர் திரையில் தெரியாது, வாயால் சொல்லியே ஆகவேண்டும்.

பொதுக் கடவுச்சொல் கூடவே கூடாது. யார் கொடுத்தார் என்பதே தெரியாமல் போகும். பழைய ஒவ்வாமைக் குறிப்புகளை ஒருவர் ஏற்ற, இன்னொருவர் சரிபார்க்கட்டும். காகிதமும் திரையும் சேர்ந்தோடும் நாட்களில் எது அதிகாரப்பூர்வப் பதிவு என்று எழுதி ஒட்டுங்கள். மின்வெட்டுக்கு, அன்றைய மருந்துப் பட்டியலின் அச்சுப்படி கையில் இருக்கட்டும்.