சீனாவில் பாப் ஐடல் தேர்வு நிகழ்ச்சிகளை ஏன் தடை செய்தார்கள்?

உடனடிக் காரணம், சாக்கடையில் கொட்டப்பட்ட பால். 2021-ல் ஐச்சியி என்ற சீன வீடியோ தளத்தில், ரசிகர்கள் ஓட்டுப் போட்டுப் பாப் நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் 'யூத் வித் யூ' நிகழ்ச்சியின் மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரதாரரான மெங்நியூ என்ற பால் நிறுவனத்தின் பானத்தை வாங்கி, மூடிக்குள் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பிடித்த போட்டியாளருக்குக் கூடுதலாக ஓட்டுப் போடலாம் என்பது ஏற்பாடு. ரசிகர்களுக்குத் தேவை மூடி மட்டும்தான், அதனால் காசு திரட்டிப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், அப்புறம் பாட்டில் பாட்டிலாகத் திறந்து பாலைக் கொட்டும் வீடியோ பரவி நாடே கொதித்துவிட்டது. மே மாதம், இறுதிச் சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால், பெய்ஜிங் அதிகாரிகள் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். செப்டம்பரில் இந்த வகை நிகழ்ச்சிகளுக்கே தடை வந்தது.

ரசிகர்களை மட்டும் திட்டுவது நியாயமே இல்லை. 2005-ல் ஹுனான் டிவியின் 'சூப்பர் கேர்ள்' போட்டியில் லீ யூச்சுன் 35 லட்சம் எஸ்எம்எஸ் ஓட்டுகளோடு ஜெயித்தபோதே ஓட்டுக்குக் காசு செலவானது. ஆனால் 2018-க்குப் பிறகு வந்தவற்றில், அதிகம் வாங்குகிறவருக்கு அதிக ஓட்டு என்று விதியையே அப்படி எழுதிவிட்டார்கள். பள்ளி மாணவர்களும் பார்க்கிற நிகழ்ச்சியில் இப்படி விதி வைத்தவர்கள்தான் முதலில் பதில் சொல்லவேண்டும்.