என் சீட்டுப் பணத்திலிருந்து போட்ட 3,200 ரூபாய்

கேள்வி:

மேடம், எனக்கு 36 வயது. தூத்தூர் வட்டாரத்தில் ஒரு கடற்கரை ஊர். கணவர் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். போனால் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எங்கள் பக்கம் கால்பந்து என்றால் உயிர். அதிலும் பக்கத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்கு ஆடியதிலிருந்து கேட்கவே வேண்டாம்.

போன வருடம் எங்கள் ஊர் கிளப்பில் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். கமிட்டியில் 11 பேர், நான் ஒருத்திதான் பெண். இதற்கு முன் பெண் யாரும் அதில் இருந்ததே இல்லை. பி.காம் படித்தவள், மகளிர் குழுக் கணக்கை 8 வருடம் எழுதியவள் என்று கேட்டார்கள். சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன்.

மே மாதம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி) நடத்தினோம். நன்கொடை ரசீது புத்தகங்களை ஆறு பையன்களிடம் கொடுத்திருந்தேன். கடைசி நாள் ராத்திரி அடிக்கட்டையையும் பணத்தையும் ஒத்துப் பார்த்தால் 3,200 ரூபாய் குறைகிறது. மூன்று தடவை எண்ணினேன். வெளியே சொன்னால், "பொம்பளைகிட்ட கணக்கைக் கொடுத்தா இப்படித்தான்" என்பார்கள் என்று பயந்து, என் சீட்டுப் பணத்தை எடுத்து வைத்துவிட்டேன். கணக்கு நேரானது. கமிட்டியில் கைகூடத் தட்டினார்கள்.

அன்றிலிருந்து தூக்கம் போச்சு. ராத்திரி 2 மணிக்கு எழுந்து பழைய ரசீதுகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். கூட்டக் கூட்டச் சந்தேகம்தான் கூடுகிறது. கமிட்டி முடிந்த பிறகு ஆண்கள் கிரவுண்ட் ஓரம் நின்று பேசி முடிவெடுப்பார்கள். எனக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் தகவல் வரும். "விட்டுரு மக்களே, அது ஆம்பளைங்க காரியம்" என்கிறார் மாமியார். டிசம்பரில் பொதுக்குழு. ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்துவிடட்டுமா?

பதில்:

இப்போது வேண்டாம் சகோதரி. கடிதம் பீரோவிலேயே இருக்கட்டும்.

எட்டு வருடம் குழுக் கணக்கு எழுதினீர்களே, அங்கே ஒரு தடவையாவது பணம் குறைந்திருக்குமே? அப்போது என்ன செய்தீர்கள்? "இவ்வளவு குறையுது, யாருகிட்ட நிக்குது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருப்பீர்கள். அதே ஆள், அதே கூட்டல் கழித்தல். இங்கே வாய் வரவில்லை என்றால் உட்கார்ந்திருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. ஒரு குழுவில் ஒருத்தி மட்டும் பெண்ணாக இருந்தால் அவள் செய்வதெல்லாம் பெரிதாகத் தெரியும், அவள் தவறு பெண்கள் எல்லோருடைய தவறாக எழுதப்படும் என்று ரோசபெத் மாஸ் கான்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1977-இலேயே சொல்லிவிட்டார்.

உங்கள் பயம் வெறும் கற்பனை என்றும் நான் சொல்லமாட்டேன். 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் டிக் கெர் என்ற பெண்கள் கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்து கால்பந்து சங்கம் தன் உறுப்பினர் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்பது ஒரு காரணம். இன்னொன்று என்ன தெரியுமா? வசூல் பணம் தர்மத்துக்குச் சரியாகப் போகவில்லையாம்! கணக்கைக் காட்டித்தான் வெளியே தள்ளினார்கள். தடை ஏறத்தாழ 50 வருடம் நின்றது. கணக்கென்றால் உங்களுக்கு வயிற்றைக் கலக்குவதில் ஆச்சரியமில்லை.

ஆனாலும் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கமிட்டி ஆண்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த 3,200 ரூபாய்தான். யாரோ விட்ட குறையை உங்கள் கைப்பணத்தால் மூடினீர்கள். மூடியதும் அது உங்கள் ரகசியமாகிவிட்டது. கணக்கு சரியில்லை என்று உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரிகிறது, அதனால்தான் கை ரசீதைத் தேடிப் போகிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தால் நம் நினைவின் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கை குறையும். ஆராய்ச்சிகளிலும் இது தெரிந்திருக்கிறது. கேஸை அணைத்தோமா என்று நாலு தடவை போய்ப் பார்ப்பவருக்கு ஐந்தாவது தடவையும் போகத் தோன்றும். ராத்திரியில் அந்தப் புத்தகங்கள் உங்கள் வீட்டில் இருக்கவே வேண்டாம். கிளப் அறையில் பூட்டி வையுங்கள்.

அப்புறம், அந்த ஆறு பையன்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? லைட்காரருக்கு, ஐஸுக்கு, சோடாவுக்கு என்று வசூலிலிருந்தே எடுத்துக் கொடுத்து, வவுச்சர் எழுதாமல் விட்டிருக்கலாம். முதலில் கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரல் வேண்டாம், "மக்கா, மே மாசம் யாருக்காவது கையில இருந்து கொடுத்தீங்களா?" என்றால் போதும். விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பொதுக்குழுவுக்கு முன்பே செயலாளரிடம் தனியாக நடந்ததைச் சொல்லுங்கள். கணக்கில் அந்தத் தொகையை "பொருளாளர் கைப்பணம்" என்று தனி வரியாகக் காட்டுங்கள். நன்கொடையாகக் காட்டி வைத்திருந்தால் அதுதான் பின்னால் வம்பு. இனி ரசீது புத்தகம் திரும்பும்போது கொடுப்பவரும் நீங்களும் சேர்ந்து ஒரே தடவை எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இது ஆண் பொருளாளருக்கும் பொருந்தும் விதிதான்; உங்களுக்காகப் போட்டதுபோல் ஆக்கவிடாதீர்கள்.

கிரவுண்ட் ஓர முடிவுகள் ஒரே நாளில் நிற்காது. பணம் செலவாகும் முடிவு என்றால் மட்டும், மினிட்ஸில் ஏறாமல் பணம் தரமாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். பெட்டிச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது?

கணவர் கரைக்கு வந்ததும் அவரிடமும் சொல்லிவிடுங்கள், சீட்டுப் பணம் அவருடையதும்தானே. இதெல்லாம் செய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பொதுக்குழு முடிந்து ஒரு வாரம் கழித்து அந்த ராஜினாமா கடிதத்தை எடுத்துப் படியுங்கள். அப்போதும் கொடுக்கத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். 3,200 ரூபாயை மட்டும் கிளப்பிடமிருந்து முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.