புதிதாக வாங்கிய வீரர் சொதப்பினால் ரசிகர்கள் எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்?

இத்தனை மாதம் என்று கணக்குச் சொல்ல முடியாது. அவரை அவருக்குரிய இடத்தில் ஆடவிட்டார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் இங்கிலாந்து கால்பந்து கிளப்பான நியூகாசில் யுனைடெட்டின் ரசிகன். ஜோலிண்டன் விஷயத்தில் இது புரிய எனக்கு இரண்டரை வருடம் ஆனது.

2019 ஜூலையில் ஜெர்மன் கிளப்பான ஹாஃபன்ஹைமிலிருந்து 4 கோடி பவுண்டுக்கு அவரை வாங்கினார்கள். கிளப் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. மேனேஜர் ரஃபா பெனிடெஸ் விலகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உரிமையாளர் மைக் ஆஷ்லி மேல் இருந்த கோபமெல்லாம் இந்தப் பையன் தலையில் விடிந்தது. கொடுத்ததோ 9 ஆம் எண் ஜெர்சி. நியூகாசிலுக்காக 206 கோல் அடித்த ஷியரர் போட்டிருந்த எண் அது. முதல் சீசனில் லீக்கில் இவர் அடித்தது 2 கோல்.

ஆனால் ஜெர்மனியிலும் அவர் கோலாகக் குவித்தவர் இல்லை. கடைசி சீசனில் லீக்கில் 7 கோல்தான். முட்டி மோதிப் பந்தைப் பிடித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார், பந்து பறிபோனால் விடாமல் துரத்துவார். அப்படிப்பட்டவரை முன்னால் தனியாக நிறுத்திவிட்டுக் கோல் எங்கே என்று கேட்டோம். நானும் கேட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

2021 நவம்பரில் புது மேனேஜராக எடி ஹவ் வந்தார். உனாய் எமெரி மறுத்த பிறகு கிடைத்தவர் என்பதால் பலருக்கும் ஏமாற்றம். 2020இல் போர்ன்மத் கிளப்போடு பிரீமியர் லீக்கிலிருந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கியவர், டிஃபென்ஸ் தெரியாதவர் என்றார்கள். அதே போர்ன்மத்தை நாலாவது டிவிஷனின் அடிமட்டத்திலிருந்து பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்தவர் அவர் என்பதை யாரும் பேசவில்லை.

அந்த நவம்பர் 30, நார்விச்சோடு மேட்ச். இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஒன்பதாவது நிமிடத்திலேயே கியரன் கிளார்க்குக்கு ரெட் கார்டு. பத்துப் பேரோடு ஆட வேண்டிய நிலையில் ஜோலிண்டன் நடுக்களத்துக்கு இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் பாய்ந்தார், மோதினார், பறித்தார். 1-1 என்றுதான் முடிந்தது, ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த சீசனின் சிறந்த வீரராக கிளப் அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. 2023இல் பிரேசில் அணிக்காக முதல் மேட்ச்சிலேயே கோல் அடித்தார்.

ஹவ்வுக்குப் புது உரிமையாளர்களின் பணம் கிடைத்தது உண்மைதான். டிரிப்பியர், புரூனோ கிமரேஸ் எல்லாம் அப்படி வந்தவர்கள். ஆனால் ஜோலிண்டன் ஏற்கெனவே அங்கே இருந்தவர். முந்தைய மேனேஜர் கண்ணில் படாததை இவர் பார்த்தார். டிஃபென்ஸ் தெரியாது என்று சொல்லப்பட்டவரின் அணி 2022-23இல் 33 கோல்தான் வாங்கியது. சாம்பியனான மான்செஸ்டர் சிட்டியும் அதே 33தான்.

எல்லாருக்கும் இப்படி நடக்காது. பந்து போனதும் இடுப்பில் கைவைத்து நிற்பவருக்காக நான் காத்திருக்க மாட்டேன். ஜோலிண்டன் மோசமாக ஆடிய நாட்களிலும் ஒளிந்துகொண்டதில்லை.

2025 மார்ச் 16, வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலை 2-1 என வென்றோம். 1955க்குப் பிறகு எங்களுக்கு முதல் உள்நாட்டுக் கோப்பை. ஜோலிண்டன் நடுக்களத்தில் இருந்தார், 7 ஆம் எண் ஜெர்சியில்.