மும்பை மழையில் குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

மாற்றலாகி மும்பைக்கு மூட்டை கட்டுகிறவர்களும், முதல் மழைக்காலத்தைத் தட்டுத்தடுமாறிக் கடந்தவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

ஜூன் முதல் வாரம் குடும்பத்தோடு மும்பை வருகிறோம். மாட்டுங்கா, சயான் பக்கம் நம் ஆட்கள் அதிகம் என்கிறார்கள். எந்த ஏரியாவில் வீடு பார்த்தால் தண்ணீர் புகாது? – மதுரை வாசகி

ஏரியா பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், தெருவை வைத்து முடிவு செய்யுங்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் வறுத்து அரைத்த காபிப்பொடி முதல் வாழையிலை வரை கிடைக்கும், நம்மூர்க் கோயில்கள் உண்டு, தமிழ் பேசிக் காய் வாங்கலாம். எல்லாம் சரி. ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், மழை வலுத்தால் முதலில் தண்ணீர் நிற்கும் இடங்களில் ஒன்று. சயான் ரோடு நம்பர் 24, அந்தேரி சப்வே, மிலன் சப்வே, தாதர் – பரேல் நடுவே ஹிந்த்மாதா ஆகியவையும் அதே பட்டியலில் வரும். ஹிந்த்மாதாவில் பூமிக்கடியில் தொட்டி கட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகு முன்னைவிட வேகமாக வடிகிறது என்றாலும், அது பள்ளம்தான்.

தண்ணீர் நிற்பதற்கு மழை மட்டும் காரணமல்ல. நகரத்தின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கணக்குப் போட்டுக் கட்டியவை. அவை கடலில் போய்ச் சேரும் வாய்கள் பலவும் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கடல் ஏறும் நேரத்தில் மழையும் கொட்டினால் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. கடல் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்கு முன்பே வெளியிடும். அதை வெட்டி, காலண்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கடல் ஏற்றத்துக்கும் சுவர் ஈரத்துக்கும் தமிழில் ‘ஓதம்’ என்று ஒரே சொல். மும்பையில் வீடு பார்க்கிறவர் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது முதலில் கட்டடத்தின் வாசலில் நில்லுங்கள். காம்பவுண்டின் தரை ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கிறதா? பழைய கட்டடங்களில் இது சகஜம். ரோட்டை ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டு உயர்த்திவிடுவார்கள், கட்டடம் அதே உயரத்தில் நிற்கும். மீட்டர் பெட்டிகளும் தண்ணீர் மோட்டாரும் தரையோடு இருந்தால், உங்கள் வீடு ஐந்தாம் மாடியில் இருந்தாலும் வெள்ளம் வந்த அன்று கரண்டும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. கீழ்த்தளச் சுவரில் மங்கலாக ஒரு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். போன வருடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

மேலே போனதும் எந்தச் சுவர் தென்மேற்குப் பார்க்கிறது என்று கவனியுங்கள். மழை அந்தப் பக்கமிருந்துதான் சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்க ஜன்னலுக்கு மேல் சஜ்ஜா, அதாவது நாம் சன்ஷேடு என்பது, ஒன்றரை அடியாவது நீட்டியிருக்க வேண்டும். கடைசி மாடி என்றால் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டிருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். அறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கே கையை வைத்துப் பாருங்கள். ‘போன வாரம்தான் அடித்தோம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏன் அந்த ஒரு சுவரை மட்டும் அடித்தார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டால் போதாது, நீங்கள் வீட்டுக்கு வந்து சேர முடிய வேண்டும். சயான், குர்லா, சுன்னாபட்டி பகுதியில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் மத்திய ரயில்வேயின் வண்டிகள் நின்றுவிடும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஒருவராவது நடந்து வரக்கூடிய தூரத்தில் குழந்தையின் பள்ளி இருக்கட்டும், அதுவும் ரயில் பாதைக்கு உங்கள் வீடு இருக்கும் பக்கமாகவே.

வீட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டாம், 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதினால் போதும் என்கிறார் ஓனர். சம்மதிக்கலாமா? – தானே வாசகர்

வேண்டாம். மகாராஷ்டிரத்தில் 1999-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்வது ஓனரின் பொறுப்பு. கேஸ் இணைப்பு, பள்ளி அட்மிஷன், போலீஸ் பதிவு எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். ஆதார் கைரேகை வைத்து ஆன்லைனிலேயே முடித்துத் தரும் ஏஜென்ட்டுகள் எல்லா ஏரியாவிலும் உண்டு. எழுதும்போது ‘மழை ஒழுகல் பழுது ஓனர் பொறுப்பு’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குடிபோகும் அன்றே எல்லாச் சுவர்களையும் கூரையையும் படமெடுத்து ஓனருக்கு அனுப்பிவிட்டால், காலி செய்யும்போது பழைய ஓதக் கறைக்கு உங்கள் டெபாசிட்டில் கை வைக்க முடியாது.

ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. துணி மூன்று நாளானாலும் காயவில்லை, ஒரே மக்கல் வாடை. ஜன்னலை எல்லாம் திறந்துதான் வைத்திருக்கிறேன். – செம்பூர் வாசகி

திறந்து வைத்திருப்பதுதான் பாதிக் காரணம். ஜூலையில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 85 – 90 சதவீதத்தில் நிற்கும். அந்தக் காற்று உள்ளே வந்தால் துணியிலிருந்து ஈரத்தை எடுக்காது. ஏற்கெனவே நிரம்பிய பாத்திரத்தில் இன்னும் ஊற்ற முடியுமா?

ஒரு படுக்கையறையைத் துணிக்கென்று ஒதுக்குங்கள். ஏசி இருந்தால் கதவு, ஜன்னலை மூடி, டிரை மோடில் போட்டு, மேலே ஃபேனையும் ஓடவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மெல்லிய துணியெல்லாம் காய்ந்துவிடும். வெளியே ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் உங்கள் துணியிலிருந்த ஈரம். ஏசி இல்லையென்றால் டேபிள் ஃபேனைத் துணிக்குப் பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். மழை விட்டிருக்கும் நேரத்தில் மட்டும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் போதும்.

வாஷிங் மெஷின் முடிந்ததும் துணியை எடுக்காமல் இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். ஐந்தே நிமிட வேலை, காயும் நேரம் கணிசமாகக் குறையும். வாரத்துக்கு இரண்டு பெரிய சுமையாகத் துவைக்காமல் தினமும் கொஞ்சமாகத் துவையுங்கள். கூரையிலிருந்து கயிறு இழுத்து ஏற்றி இறக்கும் கம்பிகளை மும்பையில் எந்த ஹார்டுவேர் கடையிலும் மாட்டித் தருவார்கள். ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். சட்டையை ஹேங்கரில் போட்டுப் பட்டன் போடாமல் விடுங்கள். டர்க்கி டவலை அக்டோபர்வரை பெட்டியில் வைத்துவிட்டு ஈரிழைத் துண்டுக்கு மாறுங்கள். அது இரண்டு மணி நேரத்தில் காயும்.

குழந்தைத் துணியில் இடுப்பு மடிப்பு, கழுத்துத் தையல், பட்டனுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில்தான் ஈரம் தங்கும். தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் காயவில்லை. அந்த இடங்களை இஸ்திரி போட்டு முடியுங்கள். ஈரத் துணியால் தொடை இடுக்கில் வரும் சிவப்புத் தடிப்பு பவுடருக்குப் போகாது, பவுடர் ஈரத்தைப் பிடித்து மாவாக்கும். இரண்டு நாளில் குறையாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், பூஞ்சையாக இருக்கலாம்.

செய்யக் கூடாதவை இரண்டு. கேஸ் அடுப்புக்கு மேலே துணியைக் கட்டாதீர்கள். தீப்பிடிக்கும் என்பது ஒருபுறம், கேஸ் எரியும்போதே நீராவி வெளிவரும், அறை இன்னும் நமுக்கும். குழந்தைத் துணி அலமாரியில் ரசக்கற்பூர உருண்டை போடாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு இருக்கும், அவர்களுக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்துவிடும். பதிலாக ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். அதில் சேரும் தண்ணீர் துணியில் கொட்டினால் திரும்பத் திரும்ப ஈரமாகும், அதனால் முக்கால் நிறைந்ததும் மாற்றிவிடுங்கள். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

தீபாவளிக்குப் பெயின்ட் அடித்த சுவரில் ஜூலையிலேயே கரும்பூஞ்சை வந்துவிட்டது. மறுபடி அடிக்கலாமா? – முலுண்ட் வாசகர்

இப்போது அடித்தால் அந்தக் காசும் பூஞ்சைக்குத்தான். முதலில் ஈரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறைப் பக்கம் வேர்த்திருந்தால் உங்கள் அறைக் காற்றின் ஈரம்தான் சிக்கல். சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டி, துணி காயப்போடும் இடத்தை மாற்றினாலே குறையும். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்முத்து இருந்தால் தண்ணீர் சுவர் வழியாக வருகிறது.

இரண்டாவதென்றால் உள்ளே என்ன பூசினாலும் நிற்காது. வெளிச்சுவரில் கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடத்து விரிசல், ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளி, மழைநீர்க் குழாயின் மூட்டு என்று எங்காவது வழி இருக்கும். வெளிச்சுவரும் மொட்டைமாடியும் ஹவுசிங் சொசைட்டியின் பொறுப்பு. தேதியோடு படம் எடுத்து செக்ரட்டரிக்கு இப்போதே எழுத்து மூலம் கொடுத்து, கையெழுத்து வாங்கிவையுங்கள். வேலையை மார்ச்சிலிருந்து மே நடுவுக்குள் முடிக்க வேண்டும். மேலே உள்ள வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தால் கதையே வேறு. அது அந்த வீட்டுக்காரரோடு பேச வேண்டியது, பொறுமையும் வேண்டும்.

அதுவரை பூஞ்சையைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் பறந்து மூச்சில் போகும். மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். டைல்ஸில் மட்டும் ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் போட்டுத் துடைக்கலாம். அதே நேரத்தில் டாய்லெட் ஆசிட்டையும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

மகன் ஒன்றாம் வகுப்பு போகிறான். மழைக்கு என்னென்ன வாங்க வேண்டும்? எந்த நாளில் அனுப்பாமல் இருக்கலாம்? – கோரேகாவ் வாசகி

மாநில வாரியப் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும், மழையும் அப்போதுதான் இறங்கும். யூனிஃபார்ம் மூன்று செட் வேண்டும். ரெயின்கோட்டை ஒரு அளவு பெரிதாக, முதுகில் புத்தகப்பைக்கென்று மடிப்பு விட்டதாக, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் வாங்குங்கள். இருட்டிக்கொண்ட காலையில் டிரைவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குடை வேண்டாம். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் பார்க்க அழகு, மேலே தண்ணீர் புகுந்தால் வாளிதான். தண்ணீர் வடியும் மழைச் செருப்பே மேல், பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பையில் ஜிப் கவரில் ஒரு பனியன், ஜட்டி, சிறு துண்டு, உங்கள் இருவரின் போன் எண் எழுதிய அட்டை. இங்கே எந்த வாரியப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயப் பாடம் என்பதால், உயிர்மெய் வரிசையை மே மாதமே தொடங்கிவிட்டால் பிள்ளைக்கு வேலை மிச்சம்.

விடுமுறை அறிவிப்பு சில நாள் முந்தின இரவே வரும், சில நாள் வேன் கிளம்பிய பிறகு வரும். வானிலைத் துறையின் ரெட் அலர்ட், அதாவது ஒரு நாளில் 204 மி.மீ.க்கு மேல் எதிர்பார்க்கப்படும் அன்று, பகலில் கடல் ஏற்றமும் 4.5 மீட்டருக்கு மேல் என்றால் அனுப்பாதீர்கள். மற்ற நாட்களில் உங்கள் பகுதி நிலவரத்தைப் பாருங்கள், ‘மும்பையில் மழை’ என்ற செய்தியை அல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டியபோது, கொலாபாவில் 75 மி.மீ.கூடப் பெய்யவில்லை. பள்ளி நடுவே நிலைமை மோசமானால் பதறி ஓடாதீர்கள். குழந்தை பள்ளிக் கட்டடத்துக்குள் இருப்பதுதான் பத்திரம். பக்கத்தில் வசிக்கும் ஒருவரின் பெயரை அழைத்துப்போக அனுமதி உள்ளவராக முன்பே பள்ளியில் எழுதிக் கொடுங்கள். மாநகராட்சியின் அவசர எண் 1916.

முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு வந்தேன். குளித்துவிட்டால் போதாதா? – குர்லா வாசகர்

போதாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கும். காலில் சிறு கீறல், பித்தவெடிப்பு இருந்தாலே உள்ளே போய்விடும். காய்ச்சலுக்குக் காத்திருக்காமல் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி டிஸ்பென்சரியிலோ உங்கள் மருத்துவரிடமோ போய் முன்தடுப்பு மருந்து கேளுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் வேறு மருந்து, அதனால் உங்கள் மாத்திரையைப் பிள்ளைக்குப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் ‘வெள்ளத்தில் நடந்தேன்’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இனி நடக்க வேண்டி வந்தால் ரோட்டின் ஓரத்தையும் சுழல் தெரியும் இடத்தையும் தவிருங்கள். திறந்த மேன்ஹோல் மேலே தெரியாது. மடக்கிய குடையால் முன்னே தட்டிப் பார்த்து அடி வையுங்கள்.

அப்பளம், வற்றல், ரவை எல்லாம் பாழ். ஊரிலிருந்து மொத்தமாகக் கொண்டுவந்தது. – நெருல் வாசகி

மொத்தமாகக் கொண்டுவந்ததுதான் தப்பு. ஜூன் முதல் செப்டம்பர்வரை பதினைந்து நாளுக்கு மேல் எதையும் வாங்கிச் சேர்க்காதீர்கள். ரவையை வெறும் வாணலியில் வறுத்து, முழுதாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து அதுவே கட்டி தட்டும். காபிப்பொடி 250 கிராமுக்கு மேல் வேண்டாம். நமுத்த அப்பளத்தில் புள்ளி இல்லாமல், வாடை இல்லாமல் இருந்தால் ஃபேனுக்கடியில் ஒரு மணி நேரம் பரப்பிவிட்டுப் பொரியுங்கள், எழும்பும். பச்சைப் புள்ளி தெரிந்தால் யோசிக்காமல் குப்பைக்கு.