திமிலைத் தேடியவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

இருபது வருடமாக ஜல்லிக்கட்டுக் காளைகளை மட்டுமே வரைந்துவரும் ஓவியர் ஒருவரின் கண்காட்சிக்காகச் சென்ற வாரம் ஈரோட்டிலிருந்து சென்னை வந்தேன். பெயர் வேண்டாம். என் வீட்டுக் கூடத்தில் அவருடைய காளை ஒன்று மாட்டியிருக்கிறது. ஆனால் அங்கே ஒரு காளைகூட இல்லை. முழுக்கச் சுட்ட மண் உருவங்கள். திமிலையாவது காண முடியுமா என்று தேடினேன், இல்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். நன்றாகக் கைவந்த ஒன்றை விட்டுவிட்டு ஏன் தெரியாததில் கை வைக்க வேண்டும்? இது ரசிகனை ஏமாற்றுவது இல்லையா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

ஈரோட்டிலிருந்து வந்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்புவது வருத்தமான கணக்குதான். அந்தக் கண்காட்சியை நான் பார்க்கவில்லை. மண் உருவங்கள் உண்மையிலேயே மோசமாக இருந்திருக்கலாம். புதிதாக ஒன்றில் இறங்குகிற எல்லாரும் தேறிவிடுவதில்லை. ஆனால் ‘ஏமாற்றுவது’ என்ற சொல்லோடு எனக்கு வழக்கு இருக்கிறது. கூடத்துக் காளைக்குப் பணம் கொடுத்துவிட்டீர்கள், அது உங்களுடையது. அடுத்து அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த விலையில் சேர்ந்ததல்ல.

பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் பெயரைச் சொன்னதும் பாலே நடனப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே அப்படித்தான். அது அவருக்கு எரிச்சல். அழகான துணிகளைத் தீட்டவும் அசைவைப் பிடிக்கவும் நடனக்காரிகள் தனக்கு ஒரு சாக்கு என்று ஓவிய வணிகர் வொல்லாரிடம் சொல்லியிருக்கிறார்.

1881-ல் பாரிஸில் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற ஓவியர் குழுவின் ஆறாவது கண்காட்சியில் டெகா வைத்தது 14 வயது நடன மாணவியின் மெழுகுச் சிலை. கண்ணாடிப் பெட்டி முதலில் வந்துவிட்டது; சிலை வந்துசேரும்வரை வெறும் பெட்டியே நின்றது. பிறகு அவள் வந்தாள். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். உண்மையான துணியில் பாவாடை, மேலாடை, பாலே செருப்பு, தலையில் முடி, அதில் ரிப்பன். கைகளைப் பின்னால் கோத்து, மோவாயைத் தூக்கி, கண்களைப் பாதி மூடி நிற்கிறாள். குரங்கு போலிருக்கிறாள் என்று எழுதினார்கள். பத்து நிமிடத்தில் வெளியேறியவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் எந்தச் சிற்பத்தையும் பொதுவில் காட்டவில்லை. செய்வதை மட்டும் விடவில்லை. 1917-ல் அவர் இறந்தபோது பட்டறையில் சுமார் 150 உருவங்கள் கிடந்தன: குதிரைகள், ஒற்றைக் காலில் நிற்கும் பெண்கள், குளிப்பவர்கள். பல உதிர்ந்துபோயிருந்தன. பிற்காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மெழுகுக்குள் கம்பி, ஒயின் பாட்டில் தக்கை, தூரிகைக் காம்பு. கைக்கு எது அகப்பட்டதோ அது! யாருக்கும் காட்டாத வேலைக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒற்றைக் காலில் நிற்கும் உடம்பைத் தாளில் எப்படியாவது நிறுத்திவிடலாம். உருவமாகச் செய்தால், சுற்றி நடந்து பார்ப்பவனிடம் எடை தப்பியதை ஒளிக்க முடியாது. பாலேயில் பாதி பிடிபட்ட ஒன்றை அவர் மெழுகில் துரத்தினார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

திறந்தவெளியில் கான்வாஸ் விரிக்கும் நிலக்காட்சி ஓவியர்களை ஓயாமல் கிண்டல் செய்தவர் அவர். அவரே 1890-ல் குதிரை வண்டியில் பிரான்ஸின் பர்கண்டிப் பக்கம் போனார். நண்பர் வீட்டில் இறங்கியதும் வழியில் கண்டதை நினைவிலிருந்தே உலோகத் தகட்டில் வண்ணமாகப் பூசி, துடைத்து, தாளில் அழுத்தி எடுத்தார். இந்த முறையில் நல்ல அச்சு ஒன்றுதான் கிடைக்கும். மிஞ்சினால் மங்கலாக இன்னொன்று. அதன்மேல் பேஸ்டல் என்னும் வண்ணக்கட்டியால் தீட்டல். 1892-ல் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். மனிதர் இல்லை, சிலவற்றில் மலை எது மேகம் எது என்றே தெரியாது. நடனக்காரிகளைத் தேடி வந்தவர் திகைத்திருப்பார். எனக்கோ அவை முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. அதுவரை எதிரே இருந்தவர்கள் அசைந்தார்கள், இவர் உட்கார்ந்து பார்த்தார். இப்போது வண்டியில் அசைந்தது இவர்.

எல்லாம் தேறியதா என்றால், இல்லை. சானெட் என்னும் பதினான்கு வரிக் கவிதை எழுத உட்கார்ந்து நாள் முழுக்க வீண், எண்ணங்களுக்கோ குறைவில்லை என்று கவிஞர் மல்லார்மேயிடம் புலம்பினார். கவிதை எண்ணங்களால் அல்ல, சொற்களால் ஆவது என்று பதில் வந்தது. 1895-ல் புகைப்படக் கருவியோடு நண்பர்களை அசையாமல் உட்காரவைத்துப் படுத்திய பாடு தனிக்கதை.

நம் ஓவியர் ஆதிமூலமும் காந்தி கோட்டோவியங்களோடு நிற்கவில்லை. அவருடைய வண்ண அரூப ஓவியத்தின் முன்னால் “இதில் காந்தி எங்கே?” என்று ஒருவர் கேட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது, ஆனால் அன்று எனக்கும் பெரிதாக எதுவும் பிடிபடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். (“பழையபடி ஒரு கிராமத்துக் கதை கொடுங்களேன்” என்று கேட்கும் பத்திரிகைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அதனால் இந்த விஷயத்தில் நான் முழு நடுநிலையாளன் அல்ல.)

அந்த மண் உருவங்களை இன்னொரு முறை பார்க்க வாய்த்தால் திமிலைத் தேடாதீர்கள். கூடத்துக் காளை பாயும்போது முன்னங்காலை எங்கே ஊன்றுகிறது என்று வீட்டில் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அதே ஊன்றல் அங்கே எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்