ஒரு வேளையில் 30 கிராமுக்கு மேல் சாப்பிட்ட புரதம் உடம்பில் ஒட்டாதா?

கேள்வி: எனக்கு வயது 27, எடை 70 கிலோ. மாலையில் எடைப் பயிற்சி செய்கிறேன். ஒரு வேளையில் 30 கிராமுக்கு மேல் உண்ணும் புரதம் வீண் என்கிறார் பயிற்சியாளர். எனக்கோ இரவில்தான் நிறைவாகச் சாப்பிட நேரம் கிடைக்கிறது. ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. குடல் புரதத்தை உறிஞ்சுவதும், உறிஞ்சியதைத் தசை எடுத்துக்கொள்வதும் வெவ்வேறு வேலைகள். இந்த 30 கிராம் கணக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

நலமான சிறுகுடல், சமைத்த உணவின் புரதத்தில் பெரும்பகுதியை, அளவு கூடினாலும், கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு உறிஞ்சிவிடும். உண்மையில் வீணாவது பச்சை முட்டையில்தான்: வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 விழுக்காடு செரிக்க, பச்சை முட்டையில் 51 விழுக்காடே செரித்ததை 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். முட்டையை உடைத்து அப்படியே குடிக்கும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து இன்றே விட்டுவிடுங்கள்.

தசையைப் பொறுத்தவரை, பயிற்சியாளர் சொல்வதற்கு ஓர் அடிப்படை உண்டு. 2009இல் கனடாவில் நடந்த ஆய்வொன்றில், கால்களுக்கு எடைப் பயிற்சி செய்த இளைஞர்களுக்கு முட்டைப் புரதம் கொடுத்துப் பார்த்தபோது, 20 கிராமைத் தாண்டியபின் தசைப் புரத உருவாக்கம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் அவர்கள் அளந்தது நான்கு மணி நேரம் மட்டுமே. 2023இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் 12 மணி நேரம் அளந்தபோது, பயிற்சிக்குப்பின் ஒரே தடவையில் கொடுத்த 100 கிராம் பால் புரதம், 25 கிராமைவிட அதிகமாகவும் நெடுநேரமும் தசையைக் கட்டியது. எரிபொருளாகக் கரைந்தது சிறு பங்குதான்.

ஆகவே வேளைக் கணக்கை விட நாள் கணக்கே முக்கியம். எடைப் பயிற்சி செய்வோரைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த அலசல், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராமைத் தாண்டினால் சராசரியாகக் கூடுதல் பயன் இல்லை என்று கண்டது. உங்களுக்கு அது 112 கிராம். காலையில் மூன்று முட்டையும் ஒரு குவளைப் பாலும் சுமார் 26 கிராம் தரும். மதியம் 100 கிராம் மீன் 20. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10. இரவில் 200 கிராம் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி ஏறக்குறைய 45. மீதியை இட்லியும் சோறும் பருப்பும் நிரப்பிவிடும். இரவு உணவு பெரிதாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காலை உணவைத் தவிர்க்காமல் இருந்தால் போதும்.

சிறுநீரக நோய் இருப்பதாக உங்களிடம் எப்போதாவது சொல்லப்பட்டிருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது.