மாட்டுக்காரர் கொண்டுவந்த மசோதா

கேள்வி: தாமஸ் மாஸி என்ற அமெரிக்க காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினர் எஞ்சினியராம், மாடும் வளர்க்கிறாராம். படித்த படிப்பு அவருக்கு அரசியலில் உதவியதா?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: படிப்பைவிட மாடுதான் அதிகம் உதவியது என்பேன். பதினேழு வருடம் லேத் பட்டறையில் இருந்துவிட்டு இப்போது இரண்டு கறவை மாடுகளோடு இருப்பவன் நான். அதனாலேயே இவர் கதையை விடாமல் படித்து வருகிறேன்.

கென்டக்கி மாநிலத்தின் வான்ஸ்பர்க், ஒஹாயோ ஆற்றங்கரைச் சிற்றூர். அங்கே வளர்ந்து, அமெரிக்காவின் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.க்குப் போனவர் மாஸி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பொருளைத் தொட்டு உணரவைக்கும் ‘பான்டம்’ கருவி அவர் வடிவமைத்தது. திரையில் தெரியும் உருண்டையை அழுத்தினால், கருவியின் மோட்டார்கள் நம் விரலைத் திருப்பித் தள்ளும். 1993-ல் மனைவி ரோண்டாவோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். அவரும் எம்.ஐ.டி.க்காரர்தான். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருவரும் ஊர் திரும்பினார்கள். தங்கள் நிலத்து மரத்திலேயே வீடு. மின்சாரம் சூரியனிடமிருந்து, அதைச் சேமிக்க, விபத்தில் நொறுங்கிய டெஸ்லா காரின் பேட்டரி. 2012-ல் காங்கிரஸுக்குப் போனார்.

அவருடைய எல்லாக் கருத்துகளும் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஆனால் 2015-ல் அவர் கொண்டுவந்த ‘பிரைம்’ மசோதா, மாடு வளர்த்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. அங்கே உங்கள் மாட்டைப் பக்கத்திலுள்ள சின்ன இறைச்சிக்கூடத்தில் கொடுத்து அறுத்து, கறியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதில் அரைக் கிலோகூட விற்கக் கூடாது. விற்பதென்றால், அரசு இன்ஸ்பெக்டர் நின்று பார்க்கும் கூடத்துக்கே ஓட்டிப்போக வேண்டும். அது தொலைவில் இருந்தால் வண்டி வாடகையிலேயே லாபம் போய்விடும். ஆகவே அறுப்பதற்கு முன்பே அரை மாடு, கால் மாடு என்று பங்கு போட்டு விற்கிறார்கள். இரண்டு கிலோ வேண்டுமென்று வருபவருக்கு இதில் வழியில்லை. சின்னக் கூடங்களின் கறியையும் அந்தந்த மாநிலத்துக்குள் விற்க விடுங்கள் என்பதே மசோதா.

இன்ஸ்பெக்டர் இல்லாவிட்டால் நோய் பரவும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடமாட்டேன். பாலில் ஒரு துளி அழுக்கு விழுந்தாலும் என்ன ஆகும் என்று கறப்பவனுக்குத் தெரியும். ஆனாலும் யார் வளர்த்த மாடு, எங்கே அறுத்தது என்று முகம் பார்த்து வாங்குவதில் ஒரு பாதுகாப்பு உண்டு. மாஸி குடியரசுக் கட்சிக்காரர். மசோதாவில் அவரோடு கையெழுத்திட்டவர் எதிரணியான ஜனநாயகக் கட்சியின் செல்லி பிங்ரி. மெய்ன் மாநிலத்துத் தீவு ஒன்றில் அவரும் விவசாயம் செய்தவர். அதற்குப் பிறகும் பல தடவை இருவரும் சேர்ந்தே அதைத் தாக்கல் செய்திருக்கிறார்கள்.